கைநழுவிய செம்பனை

2022 ஜனவரி மூன்றாம் வாரம். கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் பசியாறிவிட்டு, பத்தரைக்குச் செம்பனை எண்ணெயின் முன்பேரச் சந்தை (சரக்கைக் கையில் வாங்காமல், பின்னால் வரும் மாதத்துக்கான விலையில் வாங்கி விற்கும் இடம்) திறக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். விலை டன்னுக்கு 5300 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) ஒட்டி, கடந்த 55 நாள் உச்சத்தைத் தாண்டி நின்றது. நானே பைத்தான் மொழியில் எழுதிய கணினி நிரல் 'வாங்கு' என்றது. நான் வாங்கவில்லை.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், விலை ஏற்கெனவே ரொம்ப ஏறிவிட்டது என்பது. விலை ஏறிய பிறகு வாங்குவதுதான் அந்த நிரலின் வேலையே! அதைவிட வேடிக்கை, பந்திங் பக்கத் தோட்டத்தில் இருக்கும் அப்பா அதற்கு முந்தின வாரம்தான் போனில், "வெளிநாட்டு ஆளுங்க வரல, பழம் வெட்ட ஆள் இல்லப்பா, குலை மரத்திலேயே அழுகுது" என்று புலம்பியிருந்தார். கணினியும் சொல்லியது, அப்பாவும் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்றுபோகும் என்று எல்லாரும் செம்பனை பக்கம் ஓடிவர, மார்ச்சில் விலை 7000ஐத் தாண்டியது. புர்சா மலேசியா சந்தையில் ஒரு லாட், அதாவது வாங்கக்கூடிய குறைந்த அளவு, 25 டன். ஒரு வெள்ளி ஏறினால் 25 வெள்ளி லாபம். மனசு தானாகக் கணக்குப் போட்டது: 40,000 வெள்ளிக்கு மேல் போச்சு. என் கணக்கில் அப்போது இருந்த மொத்தப் பணமே அவ்வளவுதான். மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போதுகூட அந்த எண் நாக்கில் கசந்தது.

அப்புறம் நடந்ததுதான் உண்மையான முட்டாள்தனம். ஏப்ரல் 28இல் இந்தோனேசியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. நிரல் வாயே திறக்கவில்லை. ஆனால் சந்தை எனக்கு ஏதோ பாக்கி வைத்திருப்பது போலவும், அதை வசூலிக்க இதுதான் நேரம் என்பது போலவும் ஒரு நினைப்பு. இரண்டு லாட் வாங்கினேன். சில நாள்களில் டன்னுக்கு 400 வெள்ளி இறங்கியது, பிணையாக வைக்கும் மார்ஜின் பணம் இன்னும் கேட்டு தரகரிடமிருந்து அழைப்பு வந்தது, 20,000 வெள்ளி நட்டத்தில் விற்றேன். மே 23இல் தடையே நீங்கிவிட்டது, ஜூலையில் விலை 4000க்கும் கீழே. சீக்கிரம் விற்றதற்கு அந்த அழைப்புக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், எனக்கல்ல.

பல மாதம் கழித்து அந்த ஜனவரி வியாபாரத்தை நிரலில் முழுசாக ஓட்டிப் பார்த்தேன். நான் துக்கம் கொண்டாடிய 40,000 உச்சி விலையின் கணக்கு. உச்சியில் யார் விற்றார்கள்? என் வெளியேறும் விதி, விலை கடந்த 20 நாள் தாழ்வுக்கும் கீழே போனால் விற்பது. மார்ச் நடுவில் விலை சடாரென்று சரிந்தபோதுதான் அது வெளியே தள்ளியிருக்கும். கைக்கு வந்திருப்பது 40,000இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது என் கைக்கு ஒருநாளும் வந்திருக்காத பணத்துக்காக, கையில் இருந்த பணத்தில் பாதியைக் கொடுத்திருக்கிறேன்.

ஜனவரியில் பயந்தது தப்பா? இங்கே எனக்கு இன்னும் இரண்டு மனம். இப்படிப் போக்கைத் துரத்தும் முறையில் பத்தில் ஆறேழு வியாபாரம் சின்னச் சின்ன நட்டம், எப்போதோ வரும் பெரிய வெற்றிதான் எல்லாவற்றையும் ஈடுகட்டும். அதில் ஒன்றை விட்டால் மிச்சத்துக்கு அர்த்தமில்லை. இதெல்லாம் சரி. ஆனால் அன்று ஸ்டாப், அதாவது நட்டத்தோடு விற்று வெளியேற வேண்டிய விலை, 260 வெள்ளி கீழே. ஒரு லாட்டுக்கே 6500 வெள்ளி ஆபத்து, என் கணக்கில் 16 விழுக்காடு. 1956இல் பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி எழுதிய, ஒரு பந்தயத்தில் கையிருப்பில் எத்தனை பங்கு வைக்கலாம் என்று சொல்லும் சூத்திரத்தை முழுசாகப் பின்பற்றினாலே, கணக்கு என்றாவது ஒருநாள் தொடங்கிய தொகையில் பாதியாக இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால்தான் பலர் அது சொல்வதில் பாதியை மட்டும், பாதி கெல்லி, வைக்கிறார்கள்: வளர்ச்சியில் முக்கால் கிடைக்கும், ஆட்டம் பாதியாகும். எனக்கோ 25 டன்னைப் பாதியாக வெட்ட வழியில்லை. கை நடுங்கியதற்குக் காரணம் விலையல்ல, அளவு. அதை அன்றே எண்ணாகப் போட்டுப் பார்த்திருந்தால் நிம்மதியாக விட்டிருப்பேன், மே மாதக் கூத்தும் நடந்திருக்காது.

இப்போது நிரல் ஒவ்வொரு சிக்னலோடும் ஒரு லாட்டின் ஆபத்து கணக்கில் எத்தனை விழுக்காடு என்று காட்டுகிறது. ஐந்தைத் தாண்டினால் பொத்தானே வேலை செய்யாது. பெரும்பாலும் வேலை செய்வதில்லை. போன வாரம் அப்பா கேட்டார்: "இன்னும் அந்தக் கம்ப்யூட்டர்ல பழம் வெட்டுறியா?" காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.