மடாங் வகுப்பறைச் சுவரில் ஒரு மொழி வரைபடம்

பப்புவா நியூ கினியில், மடாங் நகரை அடுத்த ஒரு உறைவிடப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் புவியியல் ஆசிரியராக இருந்தேன். இரண்டாம் ஆண்டில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் நீண்ட விடுப்பில் போக, ஒன்பதாம் வகுப்பின் கட்டுரை நோட்டுகளும் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. அந்த நாட்டின் நிலத்தையும் மக்களையும் நான் கொஞ்சமாவது புரிந்துகொண்டது அந்த நோட்டுகளில்தான்.

சிம்பாய் பக்கத்து மலையிலிருந்து வந்த ஒரு பையன், விடுமுறையில் வீட்டில் செய்த வேலைகளை எழுதியிருந்தான். ஒரு வாக்கியத்தில் போ, விறகு, அடி, எடு, வா, வை என்ற ஆறும் ஆங்கிலச் சொற்களாக வரிசையில் நின்றன. இணைப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. எனக்கு முன்னால் திருத்தியவர் முழு வரியையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லை எழுதியிருந்தார். நான் அந்த வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ‘போய், விறகு அடித்து, எடுத்து வந்து வைத்தேன்.’ எங்கள் ஊரில் யாரும் சொல்லக்கூடிய வாக்கியம் அது. அதில் எந்தப் பிழையும் எனக்குத் தெரியவில்லை.

பையனின் தாய்மொழி காலாம். அந்த மொழியில் வினையடிகள் மொத்தமே சுமார் 130தான் என்பது அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. ஆண்ட்ரூ பாலி என்ற மொழியியலாளர் 1960களிலிருந்து அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவர் காட்டும் உதாரணங்களிலும் இதே விறகு வாக்கியம் இருக்கிறது. சின்னச் சின்ன வினைகளைக் கோத்துத்தான் அந்த மொழி பெரிய செயல்களைச் சொல்கிறது. அதைத்தான் பையன் ஆங்கிலத்தில் அப்படியே எழுதியிருந்தான். அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டு, “உன் மொழியில் இது சரியான வாக்கியம், ஆங்கிலத்தில் வேறு மாதிரி சொல்வார்கள்” என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். “சார், உங்கள் ஊர்ப் பேச்சிலும் இப்படியா?” என்று கேட்டான். ஆமாம் என்று தமிழில் சொல்லிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் நோட்டில் நான் சிவப்பு மை பயன்படுத்தவே இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை வைத்துத் தமிழுக்கும் பப்புவா மொழிகளுக்கும் உறவு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வாக்கிய அமைப்பு ஒத்திருப்பது வேறு, ஒரே வேரிலிருந்து கிளைத்திருப்பது வேறு. இந்த வேறுபாட்டை நான் கற்றதும் அதே பள்ளியில்தான், கார்கார் தீவுப் பிள்ளைகளிடம்.

கார்கார், மடாங்கிலிருந்து படகில் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய எரிமலைத் தீவு. தென்னையும் கோகோவும் நிறைந்த ஊர். ஒரு செயல்திட்டத்துக்காக அந்தத் தீவுப் பிள்ளைகளை ஒரே குழுவாக உட்காரவைத்து, “நீங்கள் எல்லாரும் வான்டோக்” என்றேன். நாட்டின் பொதுப்பேச்சு மொழியான டோக் பிசினில் வான்டோக் என்றால் ஒரே மொழி பேசுகிறவர், அதனால் சொந்தக்காரர் மாதிரி. ஒரு மாணவி எழுந்து, “இல்லை சார், நாங்கள் பாதிப் பேர் டாக்கியா, பாதிப் பேர் வாஸ்கியா” என்றாள். தீவின் தெற்கில் டாக்கியா, வடக்கில் வாஸ்கியா. மனிதனுக்கு ஒருவர் ‘தமோல்’ என்றார், மற்றவர் ‘காடி’ என்றார். இரண்டு என்பதற்கு டாக்கியாவில் ‘உராரு’, வாஸ்கியாவில் ‘இத்தெலாலா’. அந்த உராருவுக்குள் இருக்கும் ‘ரு’ நியூசிலாந்து மாவோரிகளின் ‘ருவா’, மலாய்க்காரர்களின் ‘துவா’ ஆகியவற்றோடு சேர்ந்தது. டாக்கியா ஆஸ்திரனேசியக் குடும்பம். தைவானிலிருந்து பசிபிக் முழுக்கப் படகில் பரவிய மொழிகள் அவை. வாஸ்கியா டிரான்ஸ் நியூ கினி என்ற பப்புவா குடும்பத்தைச் சேர்ந்தது. காலாமும் அந்தக் குடும்பம்தான்.

சொற்கள் இவ்வளவு தள்ளி இருந்தாலும், அந்தப் பிள்ளைகளை ஒரே வாக்கியத்தை அவரவர் மொழியில் சொல்லச் சொன்னால் சொற்கள் அதே வரிசையில் வந்து நின்றன. இரண்டிலும் வினை கடைசியில். ஆஸ்திரனேசிய மொழிகளில் இடத்தைக் குறிக்கும் சிறு சொல் பொதுவாகப் பெயருக்கு முன்னால் வரும். டாக்கியாவில் நம் வேற்றுமை உருபு போலப் பின்னால் வருகிறது. மால்கம் ராஸ் என்ற அறிஞர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பல தலைமுறைகளாக வாஸ்கியா பேசியவர்களோடு கொண்டு கொடுத்து வாழ்ந்ததில், டாக்கியா தன் சொற்களை வைத்துக்கொண்டு வாக்கியம் கட்டும் முறையை மாற்றிக்கொண்டது என்பது அவர் முடிவு. எங்கிருந்து வந்தோம் என்பது சொல்லில் இருக்கிறது, யாரோடு வாழ்ந்தோம் என்பது வாக்கியத்தில் இருக்கிறது. இதை எனக்குக் கொடுத்தது அந்த வகுப்பறை.

நம் ‘செய்து’, ‘செய’ எச்சங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ‘பன்றி ஓடிவந்து விழுந்தது’ என்றால் ஓடியதும் விழுந்ததும் அதே பன்றிதான். ‘பன்றி ஓடிவர, ஆட்கள் அடித்தார்கள்’ என்றால் ஆள் மாறிவிடுகிறது. மடாங்கை ஒட்டிப் பேசப்படும் அமெலே மொழியில், ஆள் மாறுகிறதா இல்லையா என்பதை வாக்கியத்தின் நடுவில் வரும் ஒவ்வொரு வினையிலும் விகுதி வைத்துக் காட்டியே தீர வேண்டும். அமெலே மாணவர்கள் ஆங்கிலத்தில் கதை எழுதும்போது யார் எதைச் செய்தார் என்பது குழம்பிப்போவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் மொழி செய்துவந்த வேலையை ஆங்கிலம் செய்வதில்லை.

மூன்றாம் ஆண்டில் ஒரு பெரிய தாளில் மடாங் மாகாணத்தை வரைந்து சுவரில் ஒட்டினேன். அவரவர் கிராமத்தில் புள்ளி வைத்து, டோக் ப்ளெஸ், அதாவது ஊர்மொழியின் பெயரை எழுத வேண்டும். நாடு முழுவதும் மொழிகள் ஏறக்குறைய 840. இந்த ஒரு மாகாணத்தில் மட்டும் 150க்கு மேல். ஆஸ்திரனேசிய மொழிகளுக்கு நீலம் என்று வைத்தோம். முடித்துப் பார்த்தபோது நீலம் தீவுகளிலும் கரையின் ஓரத்திலும் மட்டும் மெல்லிய இழையாக ஓடியது. உள்ளே எல்லாம் வேறு நிறங்கள். பப்புவா மொழிகள் என்பது ஒரு குடும்பத்தின் பெயரே அல்ல. இந்த வட்டாரத்தில் ஆஸ்திரனேசியமாக இல்லாத பல குடும்பங்களுக்கும் சேர்த்து வைத்த பொதுப்பெயர். போகியா விரிகுடாவின் மொனும்போ, டொரிசெல்லி என்ற வேறொரு குடும்பம். பேர் புதிதாக இருப்பது நமக்குத்தான், ஆட்கள் பழையவர்கள். இந்தப் பெருந்தீவில் மனிதர் வாழத் தொடங்கி 40,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆஸ்திரனேசியர் பக்கத்து பிஸ்மார்க் தீவுகளுக்கு வந்தே சுமார் 3,300 ஆண்டுகள்தான்.

தீவு என்றால் கடலால் தனித்து நிற்பது என்று அதுவரை நானும் பாடம் நடத்தியிருந்தேன். அந்த வரைபடத்துக்குப் பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பில்பில் ஊர்ப் பெண்கள் வனையும் மண்பானைகள் படகேறி வளைகுடாவின் கரை ஊர்களுக்கெல்லாம் போய், கிழங்குக்கு மாறின. கடல் அவர்களுக்குப் பாதை. மலையில்தான் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போக நாள் கணக்கில் நடக்க வேண்டும். சிம்பாய் பையன் பள்ளிக்கு வந்ததே சிறு விமானத்தில். விமானத்துக்கு டோக் பிசினில் ‘பாலுஸ்’ என்று பெயர். தோலாய் மொழியில் அது புறா.

1990களின் சீர்திருத்தத்தில் தொடக்க வகுப்புகளை ஊர்மொழியில் நடத்தத் தொடங்கியவர்கள், 2013 வாக்கில் மறுபடி ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள். சில நூறு பேர் பேசும் மொழிக்குப் புத்தகமும் ஆசிரியரும் தேடுவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த முடிவில் எனக்கு வருத்தம் உண்டு. விறகு வாக்கியம் எழுதிய பையனைப் போன்றவர்களுக்கு, முதல் மூன்று வருடமாவது அவர்கள் மொழியே சரி என்று சொல்ல ஒரு இடம் இருந்தது.

வரைபடத்தில் கடைசியாகப் புள்ளி வைக்க வந்தவன் மானாம் தீவுப் பையன். 2004இல் அந்த எரிமலை வெடித்தபோது 9,000 பேர் அளவில் எதிர்க்கரைக்குக் கொண்டுவரப்பட்டு, போகியா பக்கத்து முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். வேறொருவர் நிலம், வேறு மொழிக்காரர்கள். ஆண்டுகள் போகப் போக நிலத்தகராறுகள் வந்தன. பையன் விவரம் தெரிந்து வளர்ந்தது முகாமில். தாளின் முன்னால் நீலப் பேனாவோடு ரொம்ப நேரம் நின்றான். “எங்கே வைக்க, சார்?” என்றான். உன் வீடு எங்கே என்று நினைக்கிறாயோ அங்கே வை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பென்சிலைக் கேட்டு வாங்கினான். தீவில் ஒரு புள்ளி, கரையில் ஒரு புள்ளி. இரண்டின் மேலும் மையால் வரைய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். நான் ஊர் திரும்பும்வரை அவை பென்சிலிலேயே இருந்தன.