பழவந்தாங்கல் பெஞ்சு

ஜூன் 3, 2024, திங்கள்

காலைல குரோம்பேட்டைல லோக்கல் ஏறினேன், லேடீஸ் பெட்டி, உக்கார இடமும் கிடைச்சுது. மீனம்பாக்கம் தாண்டினதும் நெஞ்சு தடதடன்னு அடிக்க ஆரம்பிச்சுது, ஓடி வந்து ஏறினா அடிக்குமே அந்த மாதிரி, ஆனா நான் ஓடவே இல்லயே. விரல் நுனி மரத்துப்போச்சு, உதட்ட சுத்தி ஊசி குத்துது, எவ்ளோ இழுத்தாலும் காத்து பத்தலை. செத்துடுவேன்னு அப்படி ஒரு நிச்சயம். பழவந்தாங்கல்ல இறங்கி பெஞ்சுல உக்காந்து வீட்டுக்காரருக்கு போன் போட்டேன்.

ஆஸ்பத்திரில ஈசிஜி, ட்ரோபோனின்னு இதயத்துக்கான ரத்த டெஸ்ட், கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ரெண்டும். எல்லாம் நார்மல். "கேஸா இருக்கும்மா, டென்ஷன் ஆகாதீங்க"ன்னு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. டென்ஷன் ஆகாதீங்கன்னு சொன்னா எவளுக்கு டென்ஷன் ஆகாம இருக்கும்? சாயங்காலம் அம்மா மிளகாய் உப்பு சுத்தி அடுப்புல போட்டாங்க, "நெடியே வரலை பாத்தியா, அவ்ளோ கண்ணு"ன்னாங்க.

ஜூன் 11, செவ்வாய்

எட்டு நாள்ல இன்னும் மூணு வாட்டி வந்துடுச்சு. ஒரு தடவை பஸ்ல, ஒரு தடவை ரேஷன் கடை வரிசைல, ஒரு தடவை வீட்ல சும்மா இருக்கும்போது. இப்ப அது வர்றத விட, வந்துடுமோங்கற பயம்தான் நாள் பூரா. ட்ரெயின் பக்கமே போகலை, கோடம்பாக்கத்துக்கு ஆட்டோ, சம்பளம் ஆட்டோவுக்கே சரியாப்போகும் போல. ஹேண்ட்பேக்ல தண்ணி பாட்டில், புளிப்பு மிட்டாய், அப்புறம் சித்தி குடுத்த அல்பிரசோலம் அட்டை, பதட்டத்த அடக்கற மாத்திரை. இன்னும் போடலை, ஆனா அது பைல இருக்கான்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டு பாத்துக்கறேன்.

ஜூன் 14, வெள்ளி

மனநல டாக்டர்கிட்ட போனேன். "அந்த டாக்டரா?"ன்னு வீட்டுக்காரர் ஒரு மாதிரி இழுத்தாரு, ஆனா கூட வந்தாரு.

மொதல் தடவை நெஞ்சு படபடன்னா ஈசிஜி எடுத்தது சரிதான்னு சொன்னாங்க, அத கேஸ்னு சொல்லி அனுப்பினதுதான் தப்பாம். தைராய்டு, ரத்த சோகை டெஸ்ட்டும் எடுக்க சொன்னாங்க, அதுலயும் இப்படி படபடப்பு வருமாம். மத்தபடி இதுக்கு பேரு பேனிக் அட்டாக். நாய் துரத்தினா உடம்புல அட்ரினலின் சுரக்கும்ல, அதே அட்ரினலின், நாய்தான் இல்ல. காத்து பத்தலைன்னு நான் வேக வேகமா இழுத்தேன் பாருங்க, அதுல ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சுதான் விரல் மரத்தது, உதடு குத்தினது, தலை சுத்தினது எல்லாம். காத்து பத்தாம இல்ல, அதிகமா இழுத்ததுதான் வினையே. இத கேட்டதும் சிரிப்பு வந்துடுச்சு, அந்த ரூம்லயே. அது சாதாரணமா பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்கு போயி அப்புறம் தானா இறங்கிடுமாம். பேப்பர் கவர்ல மூச்சு விட சொல்லி பக்கத்து வீட்டு அக்கா சொன்னத கேட்டேன், வேண்டவே வேண்டாம், நெஜமாவே இதயமோ ஆஸ்துமாவோ இருந்தா ஆபத்துன்னாங்க.

எஸ்சிட்டலோபிராம்னு பதட்டத்துக்கு தினம் போடற மாத்திரை, 5 மில்லிகிராம் எழுதினாங்க. வேலை செய்ய சில வாரம் ஆகும், ஆரம்பத்துல படபடப்பு கொஞ்சம் கூடவே தெரியலாம், நீங்களா நிறுத்தாதீங்க. சித்தி அட்டையை பாத்ததும் முகம் மாறிடுச்சு, பழகிட்டா விடறது கஷ்டம்னு சொல்லி திருப்பி குடுத்துட சொன்னாங்க.

ஜூன் 22, சனி

கவுன்சிலிங்ல குடுத்த வீட்டுப்பாடம்: மூக்க பிடிச்சுகிட்டு ஜூஸ் ஸ்ட்ரால ஒரு நிமிஷம் மூச்சு விடணும், அப்புறம் சுத்தற நாற்காலில ஒரு நிமிஷம் சுத்தணும். பயப்படற அதே படபடப்ப நானே வரவழைச்சு, அது ஒண்ணும் பண்ணாதுன்னு உடம்புக்கு பழக்கறதாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் ஆரம்பிச்சது. பொண்ணு பாத்துட்டு "நானும் நானும்"னு ஏறி உக்காந்து சுத்தி, தலை சுத்தி கீழ விழுந்து, "இன்னொரு வாட்டி"ங்கறா. எனக்கு உயிரே போற மாதிரி இருக்கறது அவளுக்கு ராட்டினம்.

ஜூலை 3, புதன்

ட்ரெயின், இதுவும் வீட்டுப்பாடம்தான். தண்ணி பாட்டில் கிடையாது, வாசப்படி ஓரம் நிக்கக்கூடாது, வந்தாலும் நடுவுல இறங்கக்கூடாது. எதிர்ல ஒரு அம்மா மல்லி கட்டிகிட்டு வந்தாங்க, ரெண்டு பூ இந்தப்பக்கம் ரெண்டு அந்தப்பக்கம், நார ஒரு சுத்து, கையை பாக்காமலே.

மீனம்பாக்கத்துல கரெக்டா வந்துடுச்சு. வண்டி பழவந்தாங்கல்ல நின்னப்ப அந்த பெஞ்சு ஜன்னல் வழியா தெரியுது, கால் தானா எழுந்துக்க பாக்குது. சீட் கம்பிய பிடிச்சுகிட்டு உக்காந்துட்டேன். மூச்ச இழுக்கறத விட்டுட்டு வெளிய விடறத மட்டும் நீட்டினேன். பரங்கிமலைல இன்னும் ஏறுச்சு, கிண்டில வேர்வை. ஆத்து பாலம் தாண்டி சைதாப்பேட்டை வரும்போது பாத்தா இறங்கிகிட்டு இருக்கு, அதுக்குள்ள அந்த அம்மா ஒரு முழம் முடிச்சிருந்தாங்க. வாங்கிட்டேன். 30 ரூபா.

ஜூலை 9, செவ்வாய்

ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கத்துலயே வந்துடுச்சு, தூக்கத்துலயும் வருமாம். வீட்டுக்காரர் பதறி எழுந்து "ஆஸ்பத்திரி போலாமா, ஆட்டோ சொல்லவா"ன்னாரு. வேணாம், மணி மட்டும் பாத்துக்கோங்கன்னேன். போன கைல வெச்சுகிட்டு பக்கத்துலயே உக்காந்தாரு. 2.25க்கு எனக்கு நெஞ்சு அடங்கிடுச்சு, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு கேக்கலாம்னு திரும்பினா மனுஷன் உக்காந்தபடியே குறட்டை.