காய்ச்சல் விட்டதா, அடங்கியிருக்கிறதா?

பள்ளிச் சேர்க்கையின்போது தரப்படும் உடல்நலப் படிவத்தில் தடுப்பூசிக்கான கட்டத்தைப் பலரும் ‘போட்டாயிற்று’ என்ற ஒரே சொல்லால் நிரப்பிவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் உண்மையில் எழுத வேண்டியது தேதி. ஒரு வகுப்பில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை என்று உறுதியானால், இரண்டு தவணையும் போட்டவர்கள் யார், ஒன்றோடு நின்றவர்கள் யார், மருத்துவக் காரணத்தால் போடவே முடியாதவர்கள் யார் என்பதை அன்றைக்கே பிரித்தறிய வேண்டியிருக்கும். ஏனெனில் பாதுகாப்பில்லாத குழந்தைக்குத் தொற்று நேர்ந்திருக்கக்கூடிய வேளையிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ வாய்ப்பு உண்டு. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் நிற்கக்கூடிய கிருமி அது. ஏறக்குறைய 95 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் அதன் பரவல் அடங்கும் என்பதால், 40 பேர் படிக்கும் வகுப்பில் அது இல்லாதவர்கள் இரண்டு பேரைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டியதுதான்.

படிவமாவது ஒருமுறை வேலை. அன்றாடம் இடறும் இடம் காலை ஏழு மணி. நெற்றி சுடுகிறது, பாரசிட்டமால் கொடுத்தால் அரை மணியில் தணிகிறது, குழந்தையும் விளையாடத் தொடங்கிவிடுகிறது. சரியாகிவிட்டது என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த மருந்தின் வேகம் நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான். பதினொரு மணிப் பாடவேளையில் அந்தக் குழந்தை காது சிவக்க மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொள்வதைப் பார்க்காத ஆசிரியர் இருக்க முடியாது. அதற்குள் பக்கத்து இருக்கைக்காரனின் பென்சில், தண்ணீர் பாட்டில், முகத்துக்கு நேரான தும்மல் என்று எல்லாம் நடந்து முடிந்திருக்கும். குழந்தை பள்ளிக்குத் திரும்புமுன், மருந்து எதுவும் கொடுக்காமலேயே காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரம் கழிய வேண்டும் என்ற விதியில் ‘மருந்து கொடுக்காமலேயே’ என்பதுதான் உயிர். பள்ளிச் சுற்றறிக்கைகளில் அதைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும்.

எல்லா நோய்க்கும் அதே கணக்கு பொருந்தாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ என்றால் கடைசியாக நிகழ்ந்ததிலிருந்து 48 மணி நேரம் காத்திருப்பது நல்லது. சின்னம்மையில் கொப்புளங்கள் அனைத்தும் பொருக்குத் தட்டும் வரையிலும், தட்டம்மையில் தடிப்பு தோன்றியதிலிருந்து நான்கு நாளும் விலகியிருக்க வேண்டும். தலையில் பேன் இருப்பதற்காகக் குழந்தையைத் திருப்பி அனுப்பும் பள்ளிகளும் உண்டு. அது அவமானப்படுத்துவதைத் தவிர வேறு பயன் தராது, அன்று மாலை வீட்டில் பேன்சீப்பை எடுத்தால் போதும்.

ஆனால் விடுப்பு மட்டும் காப்பாற்றாது. சின்னம்மை, தடிப்பு தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரவுகிறது. கை கால் வாய் நோயிலோ குழந்தை தேறிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே கழிப்பறைக்கு அருகில் சோப்பும் ஓடும் நீரும் இருப்பது எந்த விதிமுறையையும்விட முக்கியம். வாசலில் சானிடைசர் புட்டியை மாட்டிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கும் நிர்வாகங்கள், வாந்திபேதியைப் பரப்பும் நோரோ வைரஸிடம் அது சரிவர எடுபடாது என்பதை அறிந்திருக்க வேண்டும். கை கழுவக் குறைந்தது 20 விநாடி தேவை. பிள்ளைகள் உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு, கட்டைவிரலையும் நகக்கண்ணையும் விட்டுவிட்டு, ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி ஓடுகிறார்கள். சன்னல்களைத் திறந்து வைக்கச் செலவே இல்லை.

நோயுற்ற பிள்ளையை அனுப்புகிறவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு நாள் விடுப்பெடுத்தால் அன்றைய சம்பளம் போகும் என்ற நிலையில் இருப்பவர்கள் ஏராளம். தவறிய பாடத்தைப் பிறகு எப்படி ஈடுசெய்வது என்ற அச்சமும் உண்டு. அதைப் போக்குவது பள்ளியின் பொறுப்பு. போதாததற்கு, ஒரு நாள்கூட விடுப்பெடுக்காத மாணவருக்குப் பரிசு வேறு. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்ததற்கும் சேர்த்துத்தான் அந்தக் கைத்தட்டல் கிடைக்கிறது. 24 மணி நேர விதியை ஒட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையிலேயே முழு வருகைப் பட்டியலையும் ஒட்டுவதை முதலில் நிறுத்தலாம்.