மிருதங்கம் இல்லாத கச்சேரி

“உங்களுக்குச் சொந்த ஊர் எது?” என்று பக்கத்து நாற்காலிப் பெரியவர் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸில் வீடு வாங்கி, பனி வாரப் பழகி, பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்த்த பிறகும் இந்தக் கேள்வி விடாதா? “கொலம்பஸ்” என்றேன், கொஞ்சம் அழுத்தியே. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. “எனக்குக் கென்டக்கி. அப்பா ஃபேக்டரி வேலைக்கு இங்கே வந்தார். நான் பிறந்ததே இங்கேதான். ஆனாலும் ஊர் கென்டக்கிதான்” என்றார். கென்டக்கி பக்கத்து மாநிலம். அதற்குள் மேடையில் பாஞ்சோ, அந்தத் தோல் கட்டிய தந்தி வாத்தியம், ஆரம்பித்துவிட்டது.

அது பீன் பிளாசம். பிரவுன் கவுண்டியில், மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புறத் தந்தி இசையின் தந்தை என்று போற்றப்படும் பில் மன்ரோ 1951-இல் இங்கே இருந்த இசைக் கொட்டகையை வாங்கினார். 1967 முதல் ஜூன் மாதத் திருவிழா நடக்கிறது. மன்ரோவும் பிழைக்க வந்தவர்தான். கென்டக்கியின் ரோசினில் பிறந்து, 1929-இல் அண்ணன்மார் பின்னாலேயே இண்டியானாவின் வடமேற்கு மூலைக்கு வந்து, எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். ஒஹாயோவின் டேட்டன் நகரத்துக்கும் இப்படித்தான் கென்டக்கிக் குடும்பங்கள் தொழிற்சாலை வேலை தேடிப் போயின. புளூகிராஸ் பாடகர்களான ஆஸ்போர்ன் சகோதரர்கள் அப்படிப் போன ஒரு வீட்டுப் பிள்ளைகள். மலையையும் அம்மாவையும் விட்டுவந்த வீட்டையும் பற்றி இவர்கள் ஏன் இத்தனை பாட்டுப் பாடுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்தக் கச்சேரியில் தாள வாத்தியம் கிடையாது. மிருதங்கம் எங்கே என்று என் காது தேடிக்கொண்டே இருந்தது. அந்த வேலையை மாண்டலின் பார்க்கிறது. மாண்டலின் என்றால் நமக்கு ஸ்ரீநிவாஸ், மின்சார மாண்டலினில் இழைந்து வரும் கமகம். இங்கே ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி, ஒயர் எதுவும் இல்லை. இடது கை அழுத்திய மறுகணமே விட்டுவிடுவதால் நாதம் நீளாமல் ‘சக்’ என்று அறுந்துவிடுகிறது. பேஸ் என்னும் பெரிய, கனத்த குரல் தந்தி வாத்தியம் ஒரு அடி, மாண்டலின் ஒரு ‘சக்’. அதன் மேல் மூன்று விரலில் நகம் மாட்டிக்கொண்டு பாஞ்சோக்காரர் பொழிகிறார். பல குழுக்களில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மைக். முறை வந்தவர் முன்னால் வர, வாசித்து முடித்தவர் வாத்தியத்தைச் சாய்த்துக்கொண்டு ஒதுங்குகிறார். ஒருவரும் இடித்துக்கொள்வதில்லை.

வீடியோவில் பார்த்த அம்மாவுக்கு வேறு கவலை. “ஏண்டி, அந்தப் பிடில்காரரை உக்காரச் சொல்லக் கூடாதா? பாவம், இவ்வளவு நேரமா நிக்கறாரே!”

என்னைக் கட்டிப்போட்டது மேடைகூட இல்லை, முகாம் போட்ட இடத்தில் கூடும் வட்டம். பத்துப் பேர், முன்பின் தெரியாதவர்கள், வண்டிகளுக்கு நடுவே நிற்கிறார்கள். ஒருவர் பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்கிறார், அவ்வளவுதான், ஆரம்பமாகிவிடுகிறது. தலையசைத்தால் உன் முறை. வேண்டாமென்றால் நீயும் தலையாட்டி அடுத்தவருக்கு விட்டுவிடலாம். முடிக்கப் போகிறோம் என்றால் பாட்டை எடுத்தவர் ஒரு காலைத் தூக்குகிறார். சிரிப்பு வந்தது, ஆனால் எல்லாரும் ஒரே அடியில் நிறுத்தினார்கள். பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பெண் தன் முறையில் தடுமாற, பக்கத்துத் தாத்தா கிட்டாரைத் தணித்து அவளுக்கு இடம் விட்டார்.

எங்கள் தெரு மார்கழி பஜனையேதான் இது. விடியற்காலைக் குளிரில் ஆர்மோனியம் முன்னே போக, குரல் உள்ளவர் இல்லாதவர் எல்லாரும் பாட, என் கையிலும் ஒரு ஜால்ராவைக் கொடுத்துவிடுவார் அப்பா. தாளம் தப்பினால் அதட்ட மாட்டார், தன் தொடையில் தட்டிக் காட்டுவார். கொலம்பஸ்தான் என் ஊர் என்று அழுத்திச் சொன்னவள், அந்தப் புல்வெளியில் நின்றபடியே தஞ்சாவூருக்குப் போய்விட்டேன். கோயிலில் சூடாகத் தரும் வெண்பொங்கல் வரைக்கும்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நம் பிள்ளைகள் ஜூமில் வயலின் படிக்கிறார்கள், வீணை படிக்கிறார்கள். பொங்கல் விழாவில் ஐந்து நிமிடம் வாசித்ததும் வாத்தியம் பெட்டிக்குள் போய்விடுகிறது. பெரியவர்களோ கரோக்கி டிராக்குக்குப் பாடுகிறோம். கூடி உட்கார்ந்து, தப்பும் தவறுமாக, பெரியவர் சிறியவர் கலந்து பாடும் வழக்கம் நம்மிடம்தானே இருந்தது? கென்டக்கிக்காரர்கள் இரண்டு மூன்று தலைமுறை தாண்டியும் அதை விடவில்லையே!

எங்கள் தமிழ்ச் சங்கக் குழுவிடம் கேட்டேன்: வரும் பொங்கலுக்கு ஒரு மணி நேரம் மைக்கை அணைத்துவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடலாமா என்று. நேரம் போதாது என்றார்கள். சாப்பாட்டுக்குப் பிறகாவது கொடுங்கள் என்று வாங்கிவிட்டேன். இண்டியானாபோலிஸில் மிருதங்கம் வாசிப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரிடமும் பேசியாயிற்று, வருகிறேன் என்றிருக்கிறார்.