வெண்வால் மானுக்குத் தீவன வயல்: விதைப்பையை அப்புறம் வாங்கலாம்

வெண்வால் மானை வரவழைக்க அமெரிக்க வேட்டைக்காரர்கள் பயிரிடும் வயல்தான் தீவன வயல். வேட்டைக் காலம் நெருங்கினால் அங்கே கடைகளில் பெரிய கொம்பு மான் படம் போட்ட விதைப்பைகள் குவிந்துவிடும். பாதி விலை அந்தப் படத்துக்குத்தான். சாதாரண ஓட்ஸும் குளோவர் என்ற தீவனச் செடியும் நன்றாக முளைத்து நின்றாலே மான் மேயும். முளைக்குமா என்பது மண், ஆழம், தேதி மூன்றையும் பொறுத்தது.

முதலில் மண் பரிசோதனை. மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6-க்குக் கீழே இருந்தால் போட்ட உரத்தில் ஒரு பகுதி பயிருக்குக் கிட்டாது. குளோவர் சரியாகத் தேறாது. பரிசோதனை முடிவு சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்புத் தூள் போட வேண்டும். அது வேலை செய்யப் பல மாதம் பிடிக்கும் என்பதால், விதைப்புக்கு முந்தைய வாரம் போட்டு இந்த சீசனில் பலனை எதிர்பார்க்கக் கூடாது.

களை பச்சையாக வளரும்போது கிளைபோசேட் களைக்கொல்லி அடித்து, பத்து நாளாவது விட்டு, மேலாக உழுதால் போதும். ஆழ உழுதால் புதைந்து கிடந்த களைவிதைகள் மேலே வந்து முளைக்கும்.

அதிகம் சொதப்புவது ஆழத்தில்தான். டர்னிப் (முள்ளங்கி போன்ற கிழங்குப் பயிர்), முள்ளங்கி, குளோவர் விதைகள் சிறியவை. ஒரு சென்டிமீட்டருக்குமேல் புதைந்தால் பல முளைக்காது. பொலபொலவென்ற மண்ணில் தூவி, மேலே பரம்பும் இழுத்தால் பாதி விதை போச்சு. முதலில் உருளையை ஓட்டி மண்ணை இறுக்க வேண்டும். பூட்ஸ் தடம் ஒரு சென்டிமீட்டருக்குமேல் பதியக் கூடாது. பிறகு தூவி, மறுபடி உருளை, அவ்வளவுதான். ஓட்ஸும் ரை தானியமும் மூன்று சென்டிமீட்டர் ஆழம் தாங்கும். ரை என்று கேட்டு ரைகிராஸை வாங்கி வந்துவிடாதீர்கள். அது வேறு புல், பரவினால் ஒழிப்பது கஷ்டம்.

ஏக்கருக்கு ஓட்ஸ் 25 கிலோ, ரை 25 கிலோ, வெள்ளைக் குளோவர் 3 கிலோ நல்ல கலவை. குளோவரை அதற்குரிய ரைசோபியம் (வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) கலந்து விதையுங்கள். கடுங்குளிரில் ஓட்ஸ் கருகிவிடும், ரை நிற்கும். இரண்டையும் சேர்ப்பது அதற்காகத்தான். டர்னிப் வகைகளைத் தனித் துண்டில், ஏக்கருக்கு 2 முதல் 2.5 கிலோ. அதற்கு 60 கிலோ யூரியா, மழைக்குச் சற்று முன்னால். வெயிலில் மண்மேல் கிடந்தால் தழைச்சத்து காற்றில் போய்விடும். உறைபனி விழுந்தபின் அந்த இலைகளில் சர்க்கரை கூடும், அப்போதுதான் பல இடங்களில் மான் அதைத் தொடும். ஒரே இடத்தில் இரண்டு வருடத்துக்குமேல் டர்னிப் போட்டால் நோய் தங்கிவிடும்.

விஸ்கான்சின், மிச்சிகன் பக்கம் டர்னிப்பை ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள்ளும், தானியங்களை ஆகஸ்ட் கடைசியிலும் விதைக்கலாம். ஜார்ஜியா, அலபாமாவில் செப்டம்பர் கடைசி, அக்டோபர். காலண்டரைவிட மழை முன்னறிவிப்பு முக்கியம்.

வயலுக்குள் மீட்டர் அகலக் கம்பிவலைக் கூண்டு ஒன்றை நட்டு வையுங்கள். கூண்டுக்குள் செழிப்பு, வெளியே மொட்டை என்றால் மான் தின்கிறது. இரண்டிலும் மொட்டை என்றால் கோளாறு மண்ணிலோ விதைப்பிலோ. கால் ஏக்கரில் சோயா போட்டால் மான் மேய்ந்தே பெரும்பாலும் சீசனுக்கு முன்பே காலியாகிவிடும்.

வேட்டைக்கு உட்காரும் பரணை, காற்று வயலிலிருந்து பரண் பக்கம் வீசும்படி அமையுங்கள்; அப்போது உங்கள் வாடை மானுக்கு எட்டாது. போகவர வயலைக் கடக்காத வழி வேண்டும். விளைந்து நிற்கும் வயலில் வேட்டையாட அனுமதிக்கும் பல மாநிலங்கள், மக்காச்சோளத்தைக் கொட்டி வைப்பதை இரை வைத்ததாகக் கருதித் தடை செய்கின்றன. பயிர் சரியாக வரவில்லை என்று அந்த வேலையில் இறங்குமுன் உங்கள் மாநில விதிகளைப் படித்துவிடுங்கள்.