துடைப்பத்தோடு நின்ற அக்கா

பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகை வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் பதினாறு பட்டை லிங்கத்தைத் தரிசித்த கையோடு கிளம்பிவிடாதீர்கள், திலகவதியார் சன்னதியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அப்பரின் அக்கா. தனக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்தபின் தம்பிக்காகவே உயிரோடு இருந்தவர். அந்தத் தம்பியோ சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரும் பெற்றுவிட்டார்.

இந்த அம்மா சண்டைக்குப் போகவில்லை. அவனுக்கு அது சரி, எனக்கு இது சரி என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் இல்லை. விடியுமுன் எழுந்து கோயிலைக் கூட்டி, சாணமிட்டு மெழுகி, பூப்பறித்து மாலை கட்டி, தம்பியை மீட்டுக்கொடு என்று இங்கேயே கேட்டுக்கொண்டிருந்தார். சூலை நோயில், அந்தக் கொடிய வயிற்றுவலியில் துடித்துத் தம்பி வந்து விழுந்தபோது குத்திக்காட்டாமல் திருநீறு கொடுத்தார். அப்பரின் ‘கூற்றாயினவாறு’ பதிகம் அப்புறம்தான் பிறந்தது. நான் போன அன்று ஒரு பெரியவர் அதைப் புத்தகம் பார்க்காமல், வயிற்றில் ஒரு கையை அழுத்திக்கொண்டே பாடினார், நடுவில் குரல் உடைந்துவிட்டது.

எல்லா மதமும் ஒன்றுதானே என்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை, ஆனால் எல்லாம் ஒன்றுதான் என்றால் அந்த அக்கா எதற்கு அழ வேண்டும், அப்பர் எதற்கு இரண்டு முறை வாழ்க்கையையே மாற்றிக்கொள்ள வேண்டும்? சமணத்துக்கும் அவர் விளையாட்டாகப் போகவில்லை, உலகம் நிலையில்லை என்று உணர்ந்து, மெய்யைத் தேடித்தான் போனார்.

சரி, இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அப்பரைப் பின்பற்றிச் சைவனான பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லால் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டினான் என்கிறது பெரியபுராணம். பாடலிபுத்திரம் என்பது இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூர்தான், லோகவிபாகம் என்ற சமண நூல் 458இல் எழுதி முடிக்கப்பட்ட ஊர். சைவனாக இருந்தும் இந்த இடிப்பைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிடிப்பு இருந்தால் இடிக்கத்தான் வேண்டும் என்பவர்களும் சரி, இடிப்பார்கள் என்று பயந்து பிடிப்பே வேண்டாம் என்பவர்களும் சரி, மன்னனைத்தான் பார்க்கிறார்கள், துடைப்பத்தோடு நின்ற அக்காவைப் பார்ப்பதில்லை.

என்னை வண்டியில் கூட்டிவந்த நெல்லிக்குப்பத்து நண்பர் ஐந்து வேளையும் தொழுகிறவர். அவர் உள்ளே வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. திரும்பும்போது மஃரிப் நேரம் ஆகிவிட்டது, அவர் தொழுதுவிட்டு வரும்வரை பள்ளிவாசல் வெளியே வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தன் வழியே சரி என்று அவர் நம்புகிறார், என் வழியே சரி என்று நான் நம்புகிறேன், அதை இருவரும் மறைத்துக்கொண்டதே இல்லை. வீடு வரைக்கும் அன்றும் அதே வாதம்தான்.