பரளிக்காட்டுச் சாப்பாடு

"முன்னாடியே சொல்லிட்டு வந்தாத்தானுங்க சோறு. இல்லீனா பரிசலும் பத்தாது."

இன்று மதியம் கோவை மாவட்டத்துப் பரளிக்காட்டில் ராகிக் களியை வைத்துக்கொண்டே அந்த அக்கா சொன்னார்.

வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா இது. பில்லூர் அணை நீரில் பரிசல் விடுவதும் சமைப்பதும் அங்குள்ள பழங்குடி மக்கள்தான். ஆள் கணக்கு மீறினால் எல்லாமே கெட்டுப்போகும்.

கூட வந்திருந்த தங்கச்சி மகள், பி.காம். கடைசி வருஷம், மெதுவாகக் கேட்டாள்: "மாமா, இத்தனை பேர்தான்னு கணக்குப் போடறதே ஒரு வேலையா?"

வேலைதான் கண்ணு. ஊட்டிக்கு வண்டியில் போக 2024 மே மாதம் இ-பாஸ், அதாவது ஆன்லைன் அனுமதிச் சீட்டு, வந்தது. அடுத்த கோடையில் சாதாரண நாளுக்கு 6,000 வண்டி, வாரக்கடைசிக்கு 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது.

தண்ணீர், குப்பை, பார்க்கிங், வரும் காசில் உள்ளூருக்கு எவ்வளவு நிற்கிறது... இதையெல்லாம் எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். சுற்றுலாப் படிப்பு மட்டும் போதாது. ஜிஐஎஸ் என்கிற கணினி வரைபடம் தெரிந்தவர், சூழலியல் படித்தவர், பி.காம். கணக்குக்காரர் எல்லோருக்கும் இதில் இடமுண்டு. ஆனால் டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடுவதையே சூழல் சுற்றுலா என்ற பெயரில் விற்கும் கோர்ஸ்களும் இருக்கின்றன. அதில் எனக்கு நம்பிக்கையில்லை.

அடுத்த சனிக்கிழமை ஊட்டி மலையடிவாரத்துக் கல்லாறு செக்போஸ்டில் நின்று வண்டி எண்ணப் போகிறாளாம். அவள் அம்மாவிடம் நான்தான் பேச வேண்டுமாம்.